பிறர் கரம்: ஊக்க நூல்களும் நாவல்களும் பற்றிய சில வாசிப்புக் குறிப்புகள்

நூலொன்றைப் பிறருக்குப் பரிந்துரைத்தல் எளிய காரியம் போலத் தோன்றினும், அதன்கண் ஒரு பொறுப்பு அடங்கியுள்ளது. 'இந்நூல் நன்று' எனக் கூறுவோர், அது எதற்கு நன்று, யாருக்கு நன்று என்னும் வினாக்களுக்கும் விடை கூறக் கடமைப்பட்டவராவர். எமது பல்கலைக்கழக மாணவரிடையே இன்று நிலவும் நூற் பரிந்துரைகளை நோக்குமிடத்து, அவை இரு கூறாகப் பிரிந்து கிடப்பதை அவதானிக்கலாம். ஒரு சாரார் நாவலையும் சிறுகதையையும் மட்டுமே இலக்கியமெனக் கொண்டு, வாழ்க்கையில் முன்னேற வழி கூறும் நூல்களை ஏளனத்துடன் ஒதுக்குகின்றனர். மற்றொரு சாராரோ பரீட்சைக்கும் நேர்முகப் பரீட்சைக்கும் இடையே மனச்சோர்வு நீக்கும் மருந்தாக அந்நூல்களையே நாடி, நாவலை ஓய்வுநேரப் பொழுதுபோக்கென விட்டுவிடுகின்றனர்.

இரண்டாவது சாராரை இகழ்வது நியாயமாகாது. ஊக்க நூல்களை நாடும் மனநிலை வெறும் ஆசையினால் மட்டும் பிறப்பதன்று. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கடதாசித் தட்டுப்பாட்டின் காரணமாக மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அடுத்த மாதமே இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. அவ்வாண்டின் மின்வெட்டு இருளில் மெழுகுவர்த்தி வைத்துப் படித்த தலைமுறையினர், 'உன்னால் முடியும்' என்று கூறும் ஒரு குரலைத் தேடியதில் வியப்பில்லை. ஆயினும் அக்குரல் என்ன கூறுகின்றது என்பதை ஆராயாது ஏற்பதும் தகாது. நாடே நொடிந்த ஒரு காலத்தில், 'உன் வெற்றியும் தோல்வியும் உன் கையிலேயே உள்ளன' என்று ஒரு நூல் போதிக்குமாயின், அது தோற்றவனை வீணே வெட்கப்பட வைக்கின்றது. வென்றவனை நன்றி மறக்க வைக்கின்றது. இவ்விரு தீங்குகளும் நம்மிடையே காணப்படுவனவே.

எனவே அண்மையில் வாசித்த சில நூல்களைச் சகமாணவருக்கு எடுத்துக் கூற முற்படும் இக்கட்டுரை, ஓர் அளவுகோலை முன்வைக்க விரும்புகின்றது. உண்மையான ஊக்கம் தரும் நூல் எதுவாயினும், அதனைக் கூர்ந்து நோக்கின், வென்ற மனிதனின் தோளுக்குப் பின்னே பிறிதொருவரின் கரம் தெரியும். அக்கரத்தைக் காட்டும் நூல் நம்மை வளர்க்கும். மறைக்கும் நூல் நம்மை ஏமாற்றும். நாவல், ஊக்க நூல் என்ற பிரிவினையைக் காட்டிலும் இவ்வேறுபாடே முக்கியமானது.

முன்னேற்ற நூல்களின் மூலநூல் என்று கருதத்தக்க சாமுவேல் ஸ்மைல்ஸின் 'சுய உதவி'யிலிருந்தே தொடங்கலாம். 1859 ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த இந்நூல், எளிய குடியிற் பிறந்து உழைப்பினால் உயர்ந்த பொறியியலாளர், கண்டுபிடிப்பாளர், கலைஞர் முதலியோரின் வாழ்க்கைச் சுருக்கங்களால் ஆனது. 1871 இல் ஜப்பானிய மொழியிற் பெயர்க்கப்பட்டு, மெய்ஜி காலத்து இளைஞரிடையே பெருஞ் செல்வாக்குப் பெற்றது. முதலாளித்துவம் எழுச்சியுற்ற காலத்தின் தனிமனித வாதத்திற்கு இதனையே சான்றாகக் காட்டுவது விமர்சகர் வழக்கம். அவ்வாதம் பெருமளவு பொருந்துவதே. ஆனால் இந்நூல் தோன்றிய வரலாறு வேறொன்றைக் கூறுகின்றது. இங்கிலாந்தின் வடபகுதி நகரொன்றில் தொழிலாள இளைஞர் சிலர் மாலை வேளைகளிற் கூடி, தெரிந்தவர் தெரியாதவருக்கு எழுத்தும் கணக்கும் கற்பித்து வந்தனர். தொகை பெருகியபோது, முன்னர் வாந்திபேதி நோயாளருக்கான தற்காலிக மருத்துவமனையாக விளங்கிய பழைய அறையொன்றை வாடகைக்குப் பெற்றனர். அவர்களுக்கு ஆற்றிய உரைகளிலிருந்தே ஸ்மைல்ஸின் நூல் பிறந்தது. சுய உதவி என்னும் பெயர் பூண்ட நூல் பரஸ்பர உதவியின் மடியிலே பிறந்தது என்பது சிந்தனைக்குரியது. தலைப்பைக் கண்டு தன்னலத்தைப் போற்றும் நூலெனச் சிலர் கருதிவிட்டனர் என்று பிற்காலப் பதிப்பின் முன்னுரையில் ஸ்மைல்ஸே வருந்தியுள்ளார். அவருக்குப் பின் வந்த எண்ணற்ற முன்னேற்ற நூல்கள் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த அறையை மறந்துவிட்டன. முழுவதையும் வாசிக்கப் பொறுமையில்லாதோர் முன்னுரைகளையாவது வாசித்தல் நன்று.

தமிழ் வாசகர் நன்கறிந்த ஊக்க நூல் ஆ. ப. ஜெ. அப்துல் கலாமின் தன்வரலாறாகும். அருண் திவாரியுடன் இணைந்து எழுதப்பெற்று 1999 இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அந்நூல், 'அக்கினிச் சிறகுகள்' என்ற பெயரில் தமிழில் எண்ணற்ற இளைஞர் கைகளிற் சேர்ந்துள்ளது. கனவு காணுதல் பற்றிய சில வாசகங்களாகச் சுருக்கப்பட்டே அது பெரும்பாலும் பேசப்படுகின்றது. நூலை முழுமையாக வாசிப்போர் வேறொரு கலாமைக் காண்பர். இராமேசுவரத்திலே புகையிரதம் நில்லாது சென்ற யுத்த காலத்தில், வீசியெறியப்படும் பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கிக் கொடுக்கும் வேலையால் முதல் ஊதியத்தை ஈட்டித் தந்த உறவினர் சம்சுதீன் அங்கே உள்ளார். சென்னைத் தொழினுட்பக் கல்லூரியில் சேர்வதற்கு வேண்டிய பணத்துக்காகத் தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்த சகோதரி சொஹ்ரா உள்ளார். விமானப்படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாமவராக வந்து வெளியேறிய இளைஞனின் துயரம் உள்ளது. 1979 ஆகஸ்ட் 10 ஆம் நாள் வீழ்ந்த ஏவுகலமும், 1980 ஜூலை 18 ஆம் நாள் உயர்ந்த ஏவுகலமும் பெருந்தொகையான தொழினுட்பவியலாளரின் கூட்டு உழைப்பின் விளைவுகளாகவே அங்கே விவரிக்கப்படுகின்றன. ஏவுகணை ஆக்கத்தைப் பற்றி எழுதும்போது அதன் அழிவாற்றல் குறித்த அறவியல் வினாக்களை நூல் விரைந்து கடந்து செல்கின்றது என்பது ஒரு குறையே. எனினும், மேடைகளில் எடுத்தாளப்படும் கலாமைக் காட்டிலும் நூலிலே வரும் கலாம் நன்றியுணர்வு மிக்கவர். சகோதரியின் வளையல்களை நினையாது கனவை மட்டும் போற்றுவோர், அந்நூலைப் பாதியே வாசித்தவராவர்.

நம்பிக்கை என்பது எப்போதும் நன்மையே பயக்குமா? இவ்வினாவுக்கு அஞ்சாது விடை தேடும் நூல் விக்டர் பிராங்கிளுடையது. வியன்னாவைச் சேர்ந்த உளமருத்துவரான பிராங்கிள், நாசிகளின் வதைமுகாம்களிலே தாம் பெற்ற அனுபவத்தை 1946 இல் வெளியிட்டார். வாழ்வின் பொருளை மனிதன் தேடுவது பற்றிய அந்நூலின் ஒரு பகுதி, ஊக்க நூல்கள் யாவற்றையும் நிறுத்துப் பார்ப்பதற்கான தராசாக அமையத்தக்கது. 1944 ஆம் ஆண்டின் நத்தார்ப் பண்டிகைக்கும் 1945 புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில், முகாமிலே மரணங்கள் வழமையை மீறி அதிகரித்தன. வேலைப் பளுவோ உணவுக் குறைவோ புதிய நோயோ அதற்குக் காரணமல்ல என்றும், நத்தாருக்குள் வீடு திரும்பிவிடலாம் என்று எண்ணியிருந்தோர் அந்நாள் கடந்ததும் உளமுடைந்தனர் என்றும் முகாம் மருத்துவர் ஒருவர் கருதினார். மார்ச் 30 இல் விடுதலை கிட்டும் எனக் கனவு கண்ட கைதியொருவர், அந்நாள் நெருங்கியும் அதற்கான அறிகுறி எதுவும் தோன்றாதபோது நோயுற்று, அந்நாளுக்கு மறுநாள் மடிந்த கதையையும் பிராங்கிள் கூறுகின்றார். திகதி குறித்துத் தரப்படும் நம்பிக்கை கொல்லவும் கூடும் என்பதே இதன் சாரம்.

அங்ஙனமாயின் மனிதனைத் தாங்குவது யாது? வாழ்விலிருந்து இனி எதிர்பார்க்க எதுவுமில்லையெனக் கூறித் தற்கொலையை எண்ணிய இருவரைப் பற்றி அவர் எழுதுகின்றார். ஒருவருக்கு அந்நிய நாட்டிலே குழந்தையொன்று காத்திருந்தது. மற்றவருக்கு எழுதி முடியாத அறிவியல் நூல்கள் காத்திருந்தன. இருவரையும் வாழத் தூண்டியது தமக்கு வெளியே உள்ள ஒன்று. இங்கும் பிறர் கரமே வருகின்றது. இம்முறை அது கொடுக்கும் கரமாக அல்லாமல், நம்மிடம் கேட்கும் கரமாக வருகின்றது. உயிர் தப்பியோரெல்லாம் மனவலிமையினாலேயே தப்பினர் என்று பிராங்கிள் பெருமை பேசவில்லை என்பதும் விதந்து கூறத்தக்கது. தற்செயலின் பங்கை அவர் ஏற்கின்றார். தம்முள் மிகச் சிறந்தோர் திரும்பி வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கின்றார். வடக்கிலும் கிழக்கிலும் 2017 இல் தொடங்கி ஆண்டுக்கணக்காக வீதியோரக் கொட்டகைகளில் அமர்ந்து, காணாமலாக்கப்பட்ட தம் பிள்ளைகளுக்கு விடை கேட்ட தாய்மாரைக் கண்ட சமுதாயம் நம்முடையது. மலிவான ஆறுதலின் கொடுமையை விளக்க நமக்கு வேறு உரைகாரர் தேவையில்லை.

பிராங்கிளின் நூலையடுத்து நிக்கொலாய் ஒஸ்த்ரோவ்ஸ்கியின் நாவலை வாசிப்பது பயனுள்ளது. 'வீரம் விளைந்தது' எனத் தமிழில் வழங்கும் இந்நாவல் 1932 முதல் 1934 வரை சோவியத் சஞ்சிகையொன்றில் தொடராக வெளிவந்தது. பார்வையிழந்து உடல் செயலிழந்த நிலையில், வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதிருக்கத் துளையிட்ட அட்டையைத் தாளின்மேல் வைத்து எழுதியும், பின்னர் பிறர் எழுதத் தாம் சொல்லியும் ஒஸ்த்ரோவ்ஸ்கி அதனை ஆக்கினார். கதாநாயகன் பாவெல் கொர்ச்சாகினின் முதற் கையெழுத்துப் பிரதி தபாலில் தொலைகின்றது. அவன் மீண்டும் எழுதத் தொடங்குகின்றான். பிராங்கிளும் முகாமிலே தம் நூற்பிரதியை இழந்து, கிடைத்த காகிதத் துண்டுகளிலே குறிப்பெடுத்து அதனை மீள அமைத்தவர். கொள்கையால் எதிரெதிரே நிற்கும் இருவர் இழப்பின் முன்னே ஒரே விதமாக நடந்துகொள்வது வியப்புக்குரியது. கீவ் நகரத்துக்கு விறகு கொண்டுவரும் பொருட்டு, பனியிலும் நச்சுக் காய்ச்சலிலும் இளைஞர் ஒன்றுகூடிச் சிறு இருப்புப்பாதை அமைக்கும் பகுதி, கூட்டுழைப்பைச் சித்திரிக்கும் உலக இலக்கியப் பகுதிகளுள் ஒன்றாக வைத்தெண்ணத்தக்கது. ஆனால் இந்நாவல் தொடராக வந்துகொண்டிருந்த 1932–33 இலேயே உக்ரைன் நாட்டில் இலட்சக்கணக்கானோர் பஞ்சத்தால் மாண்டனர் என்பதையும், அதற்கு அரசின் தானியப் பறிப்பே முதன்மைக் காரணமாயிற்று என்பதையும் நாம் இன்று அறிவோம். பாவெலின் தியாகத்தை மதிப்போர் அம்மௌனத்தையும் சேர்த்தே வாசித்தல் வேண்டும்.

இக்கட்டுரையில் ஒரு நூலை மட்டுமே பரிந்துரைக்கலாம் எனின், சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியன்' என்னும் குறுநாவலையே தெரிவு செய்தல் பொருந்தும். 1962 இல் எழுதப்பெற்ற இக்கதை கிர்கீசியக் கிராமம் ஒன்றில் நிகழ்கின்றது. இருபதுகளின் நடுப்பகுதியில், தூய்ஷேன் என்னும் இளைஞன் பாடசாலை நடத்தப் போவதாகக் கூறிக்கொண்டு ஊர் திரும்புகின்றான். அவனுக்கே எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டுமே தெரியும். பாடநூலும் இல்லை, பாடத்திட்டமும் இல்லை. குன்றின்மேற் பாழடைந்து கிடந்த குதிரைலாயமொன்றைத் தன் கையாலேயே மெழுகி, அடுப்பு அமைத்து, வைக்கோல் பரப்பி வகுப்பறையாக்குகின்றான். குளிர்காலத்தில் உறைநீர் ஓடையைக் கடக்க இயலாத சிறுவரை முதுகிலும் கைகளிலும் சுமந்து அக்கரை சேர்க்கின்றான். குதிரைமேற் செல்லும் செல்வர் அதைக் கண்டு நகைக்கின்றனர். அநாதைச் சிறுமி அல்தினாயை அவளது சிற்றன்னை ஒருவனுக்கு இரண்டாந் தாரமாக விற்றபோது, அடிபட்டுக் கையொடிந்தும் அவன் அவளை மீட்கின்றான். பின்னர் தூரநகருக்குக் கல்வி கற்க அனுப்பி வைக்கின்றான்.

பல ஆண்டுகளின் பின் அல்தினாய் புகழ்பெற்ற கல்விமானாகி, ஊரின் புதிய பாடசாலைத் திறப்புவிழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அழைக்கப்படுகின்றாள். விருந்து நடக்கின்றது. வாழ்த்துத் தந்திகள் வருகின்றன. அவற்றைக் கொணர்ந்த முதிய தபாற்காரனை உள்ளே அழைக்குமாறு சிலர் கூற, அவன் ஏனைய கடிதங்களைச் சேர்க்க வேண்டுமென விரைந்து போய்விட்டதாகத் தெரிகின்றது. அவனே தூய்ஷேன். எழுத்தறியாதவன் ஆசிரியனாக இருந்த கதையை எண்ணி விருந்தினர் சிரிக்கின்றனர். அல்தினாய் அங்கு இருக்க இயலாது புறப்பட்டுச் சென்று, தன் வெட்கத்தைக் கடிதமாக எழுதுகின்றாள்.

இக்கதையின் சிறப்பு யாதெனில், வழமையான ஊக்க நூல் முடியும் இடத்திலேயே இது தன் வினாவை எழுப்புவதாகும். அநாதைச் சிறுமி கல்விமானாகிய வரலாற்றை முன்னேற்ற நூலாசிரியர் ஒருவர் எழுதியிருப்பின், அவள் மேடையேறும் காட்சியுடன் நூல் இனிது நிறைவுற்றிருக்கும். ஐத்மாத்தவ் மேடையிலிருந்து வாசலை நோக்குகின்றார். அங்கிருந்து நீங்கிச் செல்லும் தபாற்காரனைக் காட்டுகின்றார். தன்னை ஏற்றிவிட்டவனை ஊர் நகைக்கும்போது, ஏறியவள் முதலில் வாளாவிருந்தாள் என்பதே கதையின் முள். பாத்திர வார்ப்பிலும் ஆசிரியர் சிக்கனம் காட்டுகின்றார். முதுமையில் தூய்ஷேன் பேசக் கேட்பது அரிது. அவனது பெருமை அவன் செயலினாலேயே புலனாகின்றது. குறை கூறுவதாயின், புதிய அரசு முழுதும் ஒளியாகவும் பழைய கிராமம் பெரிதும் இருளாகவும் தீட்டப்பட்டிருப்பதைக் கூறலாம். ஐத்மாத்தவின் தந்தை 1938 இல் ஸ்டாலினிய ஒடுக்குமுறையில் அவ்வரசினாலேயே கொல்லப்பட்டவர் என்பதை அறிந்து வாசிக்கும்போது, அவ்வொளி முன்போலத் தூயதாகத் தோன்றாது. ஆயினும் தூய்ஷேனின் முதுகிலிருந்து அக்கரையில் இறங்கிய குழந்தையின் கடன் அதனாற் குறைந்துவிடுவதில்லை.

அத்தகைய கடனைப் பற்றிப் பேசும்போது நம் நாட்டுக்கு வராதிருக்க இயலாது. கே. டானியலின் 'பஞ்சமர்' 1972 இல் வெளிவந்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் இயற்றப்பட்ட பின்னரும், யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளும் கோயில்களும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மூடியே கிடந்தன. 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் எழுச்சி, 1968 இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் ஆகியவற்றின் வெப்பத்தில், போராட்டத்தின் உள்ளே நின்றவர் எழுதிய நாவல் இது. தனியொருவன் படித்து உயர்ந்து தன் குலத்தின் இழிவிலிருந்து தப்பிச் செல்லும் கதையாக டானியல் இதனை ஆக்கவில்லை என்பதை மாணவர் கருத்திற் கொள்ளல் வேண்டும். தப்பிச் செல்வதில் அவருக்கு அக்கறையில்லை. எல்லோரும் நிமிர்ந்து நிற்பதே அவரது நோக்கு. உயர்சாதியிற் பிறந்தும் நீதியின் பக்கம் நிற்போருக்கும் அவர் நாவலில் இடமுண்டு. கிராமத்து மக்களின் பேச்சுமொழி அவர் கையில் அலங்காரமற்ற வலிமை பெறுகின்றது.

உருவ அமைதியை வேண்டுவோர் இந்நாவலிற் குறை காண இடமுண்டு. நிகழ்ச்சிகள் நெருக்கியடித்து வருகின்றன. சிலவிடங்களிற் பாத்திரங்களின் குரலை மீறி ஆசிரியரின் குரல் எழுகின்றது. ஆயினும் வேறு எவரும் பதிந்துவைக்காத வாழ்வைப் பதிவு செய்வோனுக்கு ஒழுங்குபடுத்த அவகாசம் குறைவு. டானியல் 1986 இல் மறைந்தார். தேநீர்க்கடையிலே தனிக் குவளை ஒழிந்ததை இயல்பான காரியமெனக் கருதும் இன்றைய இளைஞர், அக்குவளையை உடைத்தோரின் பெயர்களை அறியாதிருத்தல், விருந்து மண்டபத்திலே தூய்ஷேனை நகைத்தோரின் நிலைக்கு ஒப்பானதே. இதனுடன் மலையகத்தின் சி. வி. வேலுப்பிள்ளை எழுதிய 'வீடற்றவன்' நாவலையும் சேர்த்து வாசிக்கலாம். வேலை போனால் லயத்து அறையும் போகும் என்ற நிலையிலே சங்கம் அமைக்கத் துணிவது எத்தகைய வீரம் என்பதை அது உணர்த்தும்.

இவ்வாறெல்லாம் கூறுவது தனிமனித முயற்சியை மறுப்பதாகாதா என ஒருவர் வினவக்கூடும். ஆகாது. பாவெல் மீண்டும் எழுதாவிடின் நாவல் இல்லை. அல்தினாய் படிக்காவிடின் தூய்ஷேனின் உழைப்பு வீண். முயற்சி தேவை என்பதில் மேற்கூறிய நூல்களுள் எதுவும் ஐயுறவில்லை. முயற்சி மட்டுமே போதும் என்று கூறுவதே பொய். அப்பொய் நமக்கு எத்துணை அருகில் உள்ளது என்பதை அறிய அதிக தூரம் செல்ல வேண்டியதில்லை. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா முன்னின்று கொணர்ந்த இலவசக் கல்வி 1945 இல் நடைமுறைக்கு வந்திராவிடின், இச்சஞ்சிகையில் எழுதுவோரிலும் இதனை வாசிப்போரிலும் எத்தனை பேர் கலைப்பீட வாசலை மிதித்திருப்பர்? தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கப் பின்னும் கால் நூற்றாண்டு சென்றது. அத்தாமதத்தின் விலையைச் செலுத்தியோர் நம் வகுப்பறைகளிலே இல்லாதோராவர். வராதவர் முயலாதவர் என்று எண்ணுவோமாயின், நாம் வாசித்த முன்னேற்ற நூல் நம்மைக் கெடுத்துவிட்டது என்றே பொருள்.

ஆகவே சகமாணவருக்குக் கூறவேண்டியது இதுவே. 'அக்கினிச் சிறகுகள்' வாசியுங்கள். சொஹ்ராவின் வளையல்கள் வரும் பக்கத்தில் சற்று நில்லுங்கள். பிராங்கிளை வாசியுங்கள், திரும்பி வராதோரைப் பற்றி அவர் கூறுமிடத்தை மறவாதீர்கள். 'வீரம் விளைந்தது' நாவலை அதன் மௌனங்களுடன் வாசியுங்கள். 'பஞ்சமர்' கிடைப்பது அரிதாயின் நூலகத்திலே தேடிப் பெற்று, ஒரு பிரதியைப் பலர் கைமாற்றி வாசியுங்கள். அந்த வடநகரத்து இளைஞர் செய்ததும் அதுவேயன்றோ? 'முதல் ஆசிரிய'னை ஒரே மாலையில் வாசித்து முடிக்கலாம். முடித்த பின், உங்களை முதுகிலே சுமந்து ஓடை கடந்தவர் யார், அவர் இப்போது எங்குள்ளார் என்று எண்ணிப் பாருங்கள். அவர் உயிரோடிருப்பின், பட்டமளிப்பு விழாவுக்கு முன்னரே ஒரு கடிதம் எழுதுங்கள்.